ருக்குவின் கக்கூஸ் சுவர்

கோபப்படுவதில் ருக்குவுக்கு நல்ல பழக்கம் உண்டு. இறாலை நிறுக்கும்போது தராசை ஒரு விரலால் தட்டிவிடும் ஏஜெண்டு, மீன் கூடையைக் கண்டால் நிற்காமல் போகும் பொன்னேரி பஸ், மீஞ்சூர் ரயில் நிலையத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டே வஞ்சிரம் என்ன விலை என்று கேட்கும் கனவான்கள் என்று ஆளுக்குத் தக்கபடி, குறையாமலும் மிகாமலும் கோபப்படத் தெரிந்தவள். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சுவரின்மேல் கோபப்பட நேரும் என்று அவள் நினைத்ததில்லை. அதுவும் சொந்தக் கக்கூஸின் சுவர். அதுவும் செத்துப்போன புருஷன் தருமன் தன் கையால் கட்டியது.

சுவரிடம் அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் இளைக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது முட்டி நொறுங்கியது. உள்ளே தகடு வைத்துத் தைத்த டாக்டர், இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்காரலாம், கட்டிலில் உட்காரலாம், சிம்மாசனம் கிடைத்தால் அதிலும் உட்காரலாம், குந்தக் கூடாது. தருமன் கட்டிய கக்கூஸோ குந்துகிறவர்களை மட்டுமே உத்தேசித்தது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதற்குள் திணித்துப் பார்த்தார்கள். நாற்காலியின் முன்கால்கள் வாசலுக்கு வெளியே நின்றன. கதவைச் சாத்த முடியவில்லை. பக்கத்து வீட்டு வேலம்மா தெருவைப் பார்த்தபடி காவல் நிற்க, ருக்கு உள்ளே உட்கார வேண்டியிருந்தது. வேலம்மா வாய் ஓயாதவள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தான் ஏன் அங்கே நிற்கிறாள் என்று விளக்கம் சொல்லுவாள்.

மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள் பானுப்ரியா இதைக் கேள்விப்பட்டு, வெஸ்டர்ன் பீங்கான் ஒன்றை வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். கொத்தனார் சுபாஷ் வந்து கயிறு பிடித்து அளந்தான்.

"யக்கா, பீங்கான் உள்ள பூடும். பீங்கானோட நீ பூவ முடியாது" என்றான். "அந்தத் தெருப்பக்கத்துச் செவுரு ஒரு மொழம் தடிமன் கீது. இன்னா, பீரங்கிக்குப் பயந்து கட்டினாரா உங்க வூட்டுக்காரரு? அத்த இடிச்சுட்டு ஒத்தக்கல் செவுரு வெச்சா எடம் தாராளமா கெடைக்கும்."

இடிக்க நாளும் குறித்தார்கள். ஒரு பீங்கானில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டு வரவேண்டும். ருக்குவின் லட்சியம் அந்த வருஷத்துக்கு அதுதான்.

அந்த வாரத்தில்தான் மழைநீர்க் கால்வாய் தோண்டக் கோட்டைத் தெருவுக்கு ஜேசிபி வந்தது.

கோட்டைத் தெருவில் கோட்டை கிடையாது. டச்சுக்காரன் கட்டியது இடிந்து மேடாகி, மேட்டில் சீமைக் கருவேலம் முளைத்து, அகழிக்குக் கொசு காவல் இருக்கிறது. தெருவில் கோட்டை இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை; எல்லார் வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. வேலம்மா துணி துவைக்கிற கல் யாரோ ஒரு துரையின் வாசற்படி. முனை டீக்கடையின் அடுப்பு முழுக்க மெல்லிசான பழைய செங்கல். தலைமுறை தலைமுறையாகக் கூடையிலும் சைக்கிளிலும் கோட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோட்டை ஆட்சேபிக்காததால் யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை.

ஜேசிபி ஓர் ஆள் ஆழம் போவதற்குள் அதன் பல் ஒன்று உடைந்தது. கீழே சுவர். சுவரை ஒட்டிக் கல் பாவிய தளம். தளத்தின் ஓரத்தில் வட்டமாகச் செங்கல் கட்டிய கிணறு. தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு, மேலே நடக்கிறவர்களைப் பற்றிக் கவலை இல்லாமல் படுத்திருந்தது. வார்டு மெம்பர் ஜான் வந்து எட்டிப் பார்த்து, யாருக்கோ போன் போட்டார். மறுநாள் ஆபீஸ் வந்துவிட்டது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஆபீஸ். ஒரு ஜீப்பு, நீலத் தார்ப்பாய், நாடாச் சுருள், தூரிகை பிடித்த ஆட்கள், அவர்களுக்கெல்லாம் அதிகாரியாக மஞ்சு.

மஞ்சு முப்பது வயதுக்காரி. படித்தவள், நல்லவள். நல்லவளாக இருந்ததுதான் வினை. கெட்டவளாக இருந்திருந்தால் ருக்கு அவளை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

ஆபீஸின் ஆண்பிள்ளைகளுக்குக் கருவேலங்காடு இருந்தது. மஞ்சுவுக்கு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்று சமாளித்துப் பார்த்தாள். ஒருநாள் முடியாமல் போய் ருக்குவின் வாசலில் வந்து நின்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. நிற்கிற விதத்திலேயே ருக்குவுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு இன்னாத்துக்கு கூச்சம்? உள்ள போ கண்ணு. நாற்காலிய வெளிய இஸ்து போட்டுட்டுப் போ. பக்கெட்ல தண்ணி கீது."

அவசரமாக உள்ளே போனவள் நிதானமாகத்தான் வெளியே வந்தாள். கையைத் துடைக்கக்கூட மறந்திருந்தாள். முகத்தில் ஒரு பரவசம்.

"அம்மா, இந்தச் சுவர் யார் கட்டினது?"

"எம் புருஷன்."

"இல்லம்மா. இது பதினேழாம் நூற்றாண்டு."

ருக்கு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சுவரில் சாக்பீஸால் ஒரு நம்பர் விழுந்தது. மறுநாள் நாடா கட்டினார்கள். இடிக்கக் கடப்பாரையோடு வந்த சுபாஷ் நாடாவைப் பார்த்ததும், "கேஸாயிடும்கா, எனுக்குப் புள்ளக்குட்டி கீது" என்று வந்த வழியே திரும்பிவிட்டான்.

மஞ்சுவின்மேல் தப்புச் சொல்லவும் வழியில்லை. குழியில் தெரிந்த சுவரின் மேல் அவள் நூல் பிடித்தாள். நூல் தெருவைக் கடந்து, ருக்குவின் வேலியைத் தாண்டி, நேராகக் கக்கூஸுக்குள் போயிற்று. அதே செங்கல், அதே தடிமன், அதே கிளிஞ்சல் சுண்ணாம்பு.

காரணம் தருமன். அவன் கிளிஞ்சலை வேகவைக்கிற காளவாயில் வேலை பார்த்தவன். சிமெண்டு என்றால் அவனுக்கு இளக்காரம். கடல்நீர் கலக்கிற ஏரி, அதன் காற்றில் இருக்கும் உப்பு அதைப் பத்து வருஷத்தில் தின்றுவிடும் என்பான். கோட்டையிலிருந்து செங்கல் கொண்டுவந்தான். அஸ்திவாரம் தோண்டியபோது ரெடிமேடாக ஒன்று கீழே கிடைத்தது. இந்தத் தெருவில் எல்லாரும் செய்கிற காரியத்தையே அவனும் செய்தான்: பழைய சுவரின் தலையிலேயே புதுச் சுவரை ஏற்றிவிட்டான். கோட்டைத் தெரு ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளைகிறது. கீழே இருக்கிற தெரு வளைகிறதே, அதுதான் காரணம். மற்ற வீட்டுக்காரர்கள் மேலே சிமெண்டு பூசிப் பச்சையும் ரோஸும் அடித்துத் தப்பித்துக்கொண்டார்கள். தருமன் பூசாமல், தேய்த்து வழவழப்பாக்கி, அழகு பார்த்துவிட்டான்.

மாலை போட்ட அவன் படத்தின் முன்னால் ருக்கு ஊன்றுகோலை ஊன்றி நின்றாள்.

"குடிய நிறுத்துறேன்னு அரகொறயா நிறுத்தின. ஓட்டுக்கூரைய அரகொறயா வேஞ்ச. பொண்ணு கண்ணாலத்துல அரகொறயா நின்னுட்டுப் போய்ச் சேந்துட்ட. இந்த ஒண்ண மட்டும் ஏன்யா ஒழுங்கா செஞ்ச?"

படம் எப்போதும்போல ஒரு பக்கமாகச் சிரித்தது.

அடுத்தது மஞ்சு. ருக்கு நாடாவுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, உனுக்கு அவசரம்னு உள்ள உட்டேன். நீ போன வேலையப் பாத்துட்டு வராம செவுத்தப் பாத்தியா?"

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா சட்டம் அப்படி."

"நாங்க சட்டம் பாக்காதவங்களா? ஏரிலயும் சட்டம் கீது. பாடுன்னு சொல்றது. இன்னிக்கு இந்த எடத்துல உன் வல, நாளைக்கு என் வல. பாடு இல்லாத நாளு ஒருத்தனும் வலய நனைக்க மாட்டான். ஆனா உன் பாடு எப்போன்னு அவனுக்குத் தெரியும். இந்த எடம் முந்நூறு வருஷமா டச்சுக்காரன் பாடாவே கீதே, எங்க பாடு எப்போ வரும்? அத்தச் சொல்லு, நான் எழுந்து போறேன்."

மஞ்சு குறிப்பேட்டை எடுத்தாள். மேலதிகாரிக்கு எழுதுவதாகச் சொன்னாள். மேலதிகாரியும் தமக்கு மேலே எழுதுவார்.

மெம்பர் ஜான் சமாதானம் செய்ய வந்தார். ஜானுக்கு அந்தக் குழியால் கால்வாய் நின்றுபோன வருத்தம் ஒருபக்கம், தன் வார்டு பேப்பரில் வந்த பெருமை ஒருபக்கம்.

"ருக்குக்கா, கோவப்படாத. நாலு பாரீன்காரன் வருவான், தெரு டெவலப் ஆவும். அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல பஞ்சாயத்து கக்கூஸ் கீதில்ல?"

"கீது. அதுல வெஸ்டர்னு கீதா?"

"இல்ல."

"கதவு கீதா?"

"கதவு... ஆர்டர் போட்டுக்கீது."

"அப்போ உன் பாரீன்காரன அங்க அனுப்பு. போய்க் குந்திப் பாக்கட்டும். ஏன் ஜானு, மண்ணுக்குள்ள பூட்டவனுக்குத் தார்ப்பாய் போட்டு, பிரஷ்ஷால தூசி தட்டி, பூப்போல வெச்சிக்கிறீங்க. மேல உசுரோட கீறவளுக்கு ஒரு கதவு கெடையாது. நான் செத்து, மண்ணு மூடி, முந்நூறு வருஷம் ஆனாத்தான் எனுக்கும் மரியாதயா?"

ஜான் கைபேசி அடிக்காமலேயே அதைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

வழி காட்டியது வேலம்மாதான், அதுவும் குத்திக்காட்டுகிற போக்கில். வழக்கம்போல் காவல் நின்றுகொண்டே, தெருவுக்கே கேட்கிற குரலில், "அந்தச் செவுத்துக்கு உன்ன இன்னா பாடு படுத்தினான் உன் புருஷன்! ஒரு மாசம் ஒக்காந்து கிழிஞ்ச வலய பொடிப்பொடியா நறுக்கினியே, கையெல்லாம் கொப்புளம்" என்றாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"யக்கா," என்றாள் ருக்கு, "அந்தப் பொண்ணக் கூப்புடு."

விஷயம் இதுதான். சுண்ணாம்பு விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது நார் சேர்ப்பார்கள். தருமன் வீட்டில் நாருக்குப் பஞ்சம். கிழிந்த நைலான் வலைக்குப் பஞ்சமில்லை. அதைப் பொடியாக நறுக்கிக் கலவையில் போட்டான். நறுக்கியது ருக்கு.

"உள்ள ஊதா கலருல நூலு கீது. டச்சுக்காரன் நைலான் வல போட்டானா?" என்று கேட்டாள்.

மஞ்சு யோசித்தாள். "இருந்தா, நான் சொன்னது தப்பு. காட்டுங்க."

"ஒடச்சாத்தான தெரியும்."

"உடைக்கக் கூடாதேம்மா. பழைய சுவரா இருந்தா?"

"பழசு இல்லன்னு காட்டத்தான் ஒடைக்கணும்ன்றேன்."

"பழசு இல்லன்னு தெரிஞ்சாத்தான் உடைக்க விடமுடியும்."

இந்த இடத்தில் படித்தவர்கள் கமிட்டி போடுவார்கள். ருக்கு வீட்டுக்குள் போய்ப் பழைய நங்கூர இரும்பை எடுத்துவந்தாள். தெரு முழுக்கக் கூடிவிட்டது. தூரிகை ஆட்கள் எழுந்து நின்றார்கள். மஞ்சு "அம்மா, வேண்டாம், கேஸ் ஆயிடும்" என்று குறுக்கே வந்தாள்.

"ஆவட்டும். ஜெயில்ல வெஸ்டர்னு கீதுன்றாங்க."

ஊன்றுகோலை இடது கக்கத்தில் இடுக்கி, நல்ல காலில் நின்று, ருக்கு வீசினாள். சுவர் அசையவில்லை, இரும்புதான் திரும்பிக் கையை அதிரவைத்தது. மறுபடி வீசினாள். முட்டிக்கு ஒரு அடி, டாக்டருக்கு ஒரு அடி, ஜானுக்கு ஒரு அடி, ஆபீஸுக்குப் பல அடி. "வுடேன்யா, வுடு" என்று அவள் பல்லைக் கடித்துச் சொன்னது சுவரிடமா தருமனிடமா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தேங்காய்மூடி அளவுக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்தது. உடைந்த வாயிலிருந்து ஊதா நைலான் நூல்கள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

தெரு ஊளையிட்டது. மஞ்சு மண்டியிட்டுப் பார்த்தாள், ஒரு நூலை இழுத்துப் பார்த்தாள், படம் பிடித்தாள். பிறகு எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்கம்மா" என்றாள். அதிகாரிகள் இப்படிச் சொல்வதைக் கோட்டைத் தெரு அதுவரை கேட்டதில்லை. ருக்குவுக்கே ஒரு நிமிஷம் கோபம் எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருந்தது.

ஜீப்புக்குப் போய்ப் போனில் பேசிவிட்டு மஞ்சு திரும்பியபோது தேடிய கோபம் கிடைத்துவிட்டது.

"அம்மா... இது புதுச் சுவர்னா, பாதுகாக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்துல அனுமதி இல்லாம கட்டினதா ஆகுது. எடுத்துடணும்னு சொல்றாங்க."

பழையது என்றால் இடிக்கக் கூடாது. புதியது என்றால் இருக்கவே கூடாது. தருமனின் சுவர் இரண்டு நூற்றாண்டுகளிலும் குற்றவாளி. கூட்டத்தில் யாரோ சிரித்து, ருக்குவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"எடு" என்றாள் ருக்கு. "அத்த எடுக்கணும்னுதான் நானே கத்திகினு கீறேன். எடுத்துட்டு? ஒத்தக்கல் செவுரு ஒண்ணு வெச்சுக்கறேன்."

"புதுசா எதுவும் கட்ட முடியாதும்மா."

"அப்போ தெருவப் பாத்து ஒக்காரணுமா நானு?"

மஞ்சு அவிழ்ந்து தொங்கிய நாடாவை எடுத்துக் கட்டினாள்.

"நீயும் ஒரு பொம்பளதான. உனுக்கு முட்டிகினு வந்தப்போ நான் சட்டம் பேசினேனா?"

ருக்கு நங்கூர இரும்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தெரு மெல்லக் கலைந்தது.

இடிக்க ஆபீஸே ஆள் அனுப்பியது. கடப்பாரை கூடாது, சின்ன உளியும் சுத்தியும்தான். மேலே இருப்பது குற்றம், கீழே இருப்பது பொக்கிஷம், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ருக்கு நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தாள். காளவாய்ச் சுண்ணாம்பு லேசில் விடவில்லை. உளி மழுங்கியது. வேலை செய்தவர்கள் கட்டினவனைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"யோவ், செத்தவனத் திட்டாத" என்று ருக்கு அதட்டினாள். "அத்த நான் பாத்துக்கறேன். நீ இடி."

கீழே போகப் போக ஊதா நூல் குறைந்தது. கணுக்கால் உயரத்துக்கு வந்தபோது இந்த வரிசையில் நூல் இருக்கிறதா இல்லையா என்று ஆட்களுக்குள்ளேயே தகராறு. மஞ்சு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தருமன் எங்கே முடிந்தான், டச்சுக்காரன் எங்கே ஆரம்பித்தான் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அங்கேயே ஒரு கோடு கிழித்து, இதற்குக் கீழே பழையது என்று முடிவு செய்தாள். கதவின் கீல் இடித்த பாகத்தில் இருந்ததால் கதவும் போயிற்று.

இரண்டு நாள் கழித்து ருக்கு சுபாஷைக் கூப்பிட்டுவிட்டாள். தடிச் சுவர் போனதில் இடம் தாராளமாகத்தான் இருந்தது. பீங்கானை இருந்த தரையிலேயே, இருந்த குழாயில் பொருத்தினான். தெருப்பக்கம் நான்கு சவுக்குக் கம்பு நட்டு, படகுக்குப் போடுகிற நீலத் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டினான். வாசலுக்கும் அதே பாய்தான். மஞ்சு குழியிலிருந்து ஏறி வந்து சுற்றிப் பார்த்தாள். செங்கல் இல்லை, சிமெண்டு இல்லை. கட்டடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இது பரவாயில்லம்மா. பழைய சுவர்ல ஆணி மட்டும் அடிக்காதீங்க."

"கதவு மாட்டிக்கலாமா?"

"நிலை வெச்சா... அது கட்டுமானம்."

ருக்கு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் சொன்னபடியே உட்கார்ந்தாள். முட்டி வலிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஏரிக்காற்று கிளம்பியது. தார்ப்பாய் படகுப்பாய் மாதிரி உப்பி, அடித்து, ஓரம் விலகியது. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. வேலம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

உள்ளே ஆள் இருப்பது தெருவுக்குத் தெரிந்தாக வேண்டும். ருக்கு வாயைத் திறந்தாள்.

ஆபீஸில் ஆரம்பித்தாள். ஆபீஸின் மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி, அவரைப் பெற்றவர்கள் என்று படிப்படியாக ஏறினாள். அங்கிருந்து டச்சுக்காரனுக்கு இறங்கினாள். இத்தனை ஊர் இருக்க இங்கே வந்து ஏன் செங்கல் அடுக்கினாய் என்று கேட்டாள். தருமனுக்கும் அவன் பங்கு கிடைத்தது. சைக்கிள்காரன் எதிர்ப்பக்கம் ஒதுங்கி, பார்வையை ஏரிமேல் வைத்துக்கொண்டு வேகமாக மிதித்தான். தெருக்கோடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இது நடக்கிறது. குழிக்குள் தூரிகை பிடித்த ஆட்கள் அந்த நேரத்தில் தலைநிமிர்வதில்லை. மஞ்சு, தன் ஆபீஸ் பரம்பரையே நாறுவதைக் கேட்டுக்கொண்டு, கிணற்றின் செங்கலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வசவு நிற்கிற வரைக்கும் யாரும் தெருவைக் கடப்பதில்லை. ஒருமுறை, சொல்லி முடிக்காத ஒரு வாக்கியத்துக்கு நடுவில், ருக்குவின் குரல் திடீரென்று தணிந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஏ பொண்ணு, மஞ்சு! வேலம்மாக்காவக் காணோம். அந்த பக்கெட்டு தண்ணிய இந்தாண்ட நகத்து. பாக்காத. திரும்பிகினு நகத்து."

மஞ்சு தூரிகையை வைத்துவிட்டு எழுந்து போனாள். பக்கெட்டு உள்ளே போனதும், விட்ட இடத்திலிருந்து ஆபீஸ்மேல் வசவு தொடர்ந்தது.